வீட்டுத் தொட்டியும் கால்வாயின் வாயும்: நீர்க் கட்டமைப்புகளுக்கு மாதிரி அமைத்ததில் கற்றவை

ஊருக்குள் குடிநீரைக் கொண்டுவரும் குழாய்களையும் ஊரிலிருந்து மழைநீரை வெளியேற்றும் வடிகால்களையும் கணினியில் மாதிரியாக அமைத்துச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். இத்தொழிலில் எனக்கு மிகுதியாகக் கற்றுத் தந்தவை இரண்டு பணிகள். ஒன்று, தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் உள்ள ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பகிர்மானம். மற்றொன்று, சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு குடியிருப்புப் பகுதியின் மழைநீர் வடிகால். இவற்றைத் தனித்தனித் துறையினர் தனித்தனிக் கையேடுகளைக் கொண்டு பார்ப்பதே வழக்கம். ஆயினும் இரண்டிலும் கணக்கு பிசகுவது ஒரே இடத்தில்தான் என்பதைக் கண்டேன். குழாயின் நடுவில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை, நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் சூத்திரங்கள் நன்றாகவே சொல்லிவிடுகின்றன. தண்ணீர் குழாயை விட்டு வெளியேறும் முனையில், அதாவது வீட்டுத் தொட்டியிலும் கால்வாயின் வாயிலும், என்ன நடக்கிறது என்பதை நாம் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டால், நடுவில் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டும் பயன் கிடைப்பதில்லை.

இரு பணிகளுக்கும் பயன்படுத்தியவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக வழங்கும் மென்பொருள்கள். குடிநீர்க் குழாய்களுக்கான ஈபாநெட் 1993ஆம் ஆண்டு வெளியானது. மழைநீருக்கான எஸ்.டபிள்யூ.எம்.எம்., நாங்கள் பேச்சில் ‘ஸ்விம்’ என்று சொல்வது, 1971ஆம் ஆண்டிலிருந்தே வளர்ந்து வருவது. விலையுயர்ந்த வணிக மென்பொருள்கள் பலவற்றின் உள்ளேயும் இவ்விரண்டின் கணக்குமுறையே இயங்குகிறது என்பதால், சிறு நகராட்சிக்கு வேலை செய்யும் பொறியாளர் மென்பொருள் வாங்கப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. பணத்தையும் நேரத்தையும் களத்தில் அளப்பதற்குச் செலவிடுவதே மேல்.

முதலில் குடிநீரைச் சொல்கிறேன். அந்த ஊரின் மக்கள்தொகை 50,000-க்கு உட்பட்டது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுப்படுகையிலிருந்து வரும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றி, நாள்தோறும் காலையில் ஒன்றரை மணி நேரம் போலத் திறந்துவிட்டார்கள். எனக்கு முன்பே ஓர் ஆலோசனை நிறுவனம் மாதிரி அமைத்து அறிக்கை தந்திருந்தது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டு குடிநீர்க் கையேடு தரைத்தளம் மட்டுமே உள்ள கட்டடங்கள் கொண்ட பகுதிக்குக் கேட்ட 7 மீட்டர் அழுத்தம், அதாவது நீரை 7 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம், எல்லாத் தெருக்களிலும் கிடைப்பதாக அந்த அறிக்கை கூறியது. ஊரின் கிழக்கே மேட்டில் இருந்த தெருக்களிலோ காலை முழுவதும் காத்திருந்தும் சில குடங்களே நிறைந்தன.

அறிக்கையில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. அதன் அடிப்படை அனுமானத்தில்தான் பிழை இருந்தது. ஈபாநெட்டில் இயல்பாக நடக்கும் கணக்கு தேவையை முன்னிறுத்துவது. குழாய்கள் சேரும் ஒரு சந்திப்பில் வினாடிக்கு இத்தனை லிட்டர் எடுக்கப்படும் என்று நாம் எழுதிவிட்டால், அங்கே அழுத்தம் இருக்கிறதோ இல்லையோ, அத்தனை லிட்டரும் எடுக்கப்பட்டுவிட்டதாகவே மென்பொருள் கொள்ளும். அழுத்தம் சுழியத்துக்குக் கீழே போனால் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். நாள் முழுவதும் தண்ணீர் ஓடும் ஊருக்கு இது பொருந்தும். ஒன்றரை மணி நேரம் ஓடும் ஊருக்குப் பொருந்தாது.

அதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், 640 பேருக்கான சராசரி ஓட்டம் வினாடிக்கு 1 லிட்டர். அதை 100 மில்லிமீட்டர் விட்டமும் 500 மீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாயில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். குழாயின் உராய்வு இழப்பைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் சொரசொரப்பு எண்ணை 130 என்று எடுத்துக்கொண்டால், உராய்வினால் இழக்கும் அழுத்தம் 13 சென்டிமீட்டர் அளவே. 50,000-க்கு உட்பட்ட ஊருக்கு உச்ச நேரத் தேவையைச் சராசரியின் 3 மடங்காகக் கொள்ளுமாறு அந்தக் கையேடு சொன்னது. அந்த 3 லிட்டரில் இழப்பு 1 மீட்டர் ஆகிறது. முன்னைய அறிக்கை இந்த இடத்தோடு நின்றுவிட்டது. உண்மையில் அன்றாடத் தேவை முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போக வேண்டுமானால், ஓட்டம் சராசரியைப் போல 16 மடங்காக இருக்க வேண்டும். ஓட்டத்தின் 1.852 அடுக்காக இழப்பு ஏறுவதால், அதே குழாயில் அது 22 மீட்டரைத் தாண்டிவிடும். மேல்நிலைத் தொட்டியின் உயரம் முழுவதையும் கொடுத்தாலும் அது கட்டாது. ஆகவே அத்தனை தண்ணீர் போகவே போகாது. தொட்டிக்கு அருகிலும் பள்ளத்திலும் இருப்பவர்கள் எடுத்ததுபோக எஞ்சியதே மேட்டுக்கு வரும். தேவை எவ்வளவு என்று நாம் எழுதிக் கொடுப்பதற்கும், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது.

2020ஆம் ஆண்டு வந்த 2.2 பதிப்பிலிருந்து ஈபாநெட்டில் அழுத்தத்தைப் பொறுத்த கணக்கையும் தேர்ந்தெடுக்கலாம். அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் நீரும் குறையும் என்று அது கணக்கிடும். பலர் இதனோடு சிக்கல் தீர்ந்ததாகக் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் இது பாதி மருந்துதான், ஏனெனில் நாம் எழுதிய தேவைக்கு மேல் எந்த வீடும் எடுக்காது என்று அது அப்போதும் நம்புகிறது. நம் ஊர் வீடுகள் அப்படி நடந்துகொள்வதில்லை. அவற்றில் தரைக்குக் கீழே தொட்டி இருக்கிறது. தொட்டி நிறையும்வரை வருவதையெல்லாம் வாங்கும்.

இதைத் தெருவில் நடந்து பார்த்தால்தான் உணர முடியும். வாசலில் ஒன்றரை அடி, மூன்றடி என்று பள்ளம் தோண்டி, சிமெண்டு பூசி, அதன் அடியில் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கும் வீடுகளைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணலாம். இது மக்கள் தாமே கண்டுபிடித்த நீரியல். தெருக்குழாயில் 1 மீட்டர் அழுத்தம் மட்டுமே இருக்கிறது என்றால், தரைக்கு மேலே 60 சென்டிமீட்டரில் உள்ள குழாய்க்கு மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். தரைக்குக் கீழே 1 மீட்டரில் வாயை வைத்தவருக்குக் கிடைப்பது 2 மீட்டர். வெளியேறும் நீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பள்ளத்தில் வைத்தவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தம் வாசலையும் தோண்டுவார். வசதியுள்ளவர் அரைக் குதிரைத்திறன் மோட்டாரை நேரடியாகக் குழாயிலேயே பூட்டுவார். கடைசி வீட்டில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு, இவ்வளவும் போகத்தான் தண்ணீர். மாதிரியில் இந்தப் பள்ளங்களையும் மோட்டார்களையும் சேர்க்காமல் விடுவது, அந்தக் கடைசி வீட்டைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதற்குச் சமம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே ஒவ்வொரு தெருவின் சந்திப்பிலும் தேவையை எழுதுவதை விட்டுவிட்டு, அந்தத் தெரு வீடுகளின் தரைத்தொட்டிகள் எல்லாவற்றின் கொள்ளளவையும் சேர்த்து ஒரு சிறு தொட்டியாக வைத்தேன். அதைத் தெருக்குழாயோடு இணைக்கும் துண்டில் தண்ணீர் திரும்பாதபடி ஒருவழி வால்வும், வீட்டிணைப்புகளின் தடையைக் குறிக்கும் இழப்பு எண்ணும் கொடுத்தேன். தொட்டி நிறைந்ததும் உள்வரவு நின்றுவிடும். மிதவை வால்வு இல்லாமல் வழிந்தோடும் வீடுகள் மிகுந்த தெருவில், தொட்டியை வழியவிடும் தேர்வைப் போட்டேன். அதன் பின்னர்தான் மாதிரி ஊரைப் போல நடந்துகொள்ளத் தொடங்கியது. பள்ளப் பகுதித் தொட்டிகள் நிறையும்வரை மேட்டுத் தெருவுக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. அவை நிறைந்த பிறகு நீர் ஏறத் தொடங்கி, நிறுத்தும் நேரம் வந்ததும் நின்றுபோனது.

ஆனாலும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. மேட்டுத் தெருவுக்கு மாதிரியில் தண்ணீர் ஏறிய நேரத்தைவிட உண்மையில் முன்னதாகவே ஏறியது. அதன் காரணத்தைச் சொன்னவர் அங்கே நெடுங்காலமாக வால்வு திறந்துவிடும் பணியாளர். “சார், மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறணும்னா பள்ளத்து வால்வ முழுசா தொறக்கக் கூடாது. ஆறு சுத்து தொறந்து நிறுத்திடுவேன். மழக்காலத்துல எட்டு” என்றார். எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி இது. ஊரில் உள்ள வால்வுகளை அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, எத்தனை சுற்று, எது மண்ணில் புதைந்து கிடக்கிறது, எது பாதியில் சிக்கி நிற்கிறது என்று எழுதிக்கொண்ட பிறகே மாதிரியும் களமும் ஒத்துவந்தன. இவர்களில் பலர் தினக்கூலியில் இருப்பவர்கள். ஓர் ஊரின் நீர்ப் பங்கீடு முழுவதும் இவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் போய்விடுகிறது. திட்ட அறிக்கைகளில் இவர்களுடைய பெயருக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாதது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இந்த மாதிரி தந்த முக்கியமான விடை எதிர்பாராத ஒன்று. நகராட்சியிடம் இருந்த திட்டம், மேட்டுக்குப் போகும் பிரதானக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய விட்டத்தில் பதிப்பது. பழைய மாதிரியில் அது நல்ல பலன் தருவதாகத் தெரிந்தது. தரைத்தொட்டிகளைச் சேர்த்த மாதிரியில், பெரிய குழாய் போட்டால் வழியில் உள்ள பள்ளத் தெருக்களின் தொட்டிகளே விரைவாக நிறைந்தன. மேட்டுக்கு வரும் நீர் கூடவில்லை, மேல்நிலைத் தொட்டி மட்டும் முன்னதாகக் காலியானது. அதனால் அந்தப் பணத்தில் மேட்டுப் பகுதிக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் ஒன்றை, வழியில் எந்த வீட்டிணைப்பும் இல்லாமல் கொண்டுசெல்வதும், பள்ளப் பகுதியின் வரத்தை வால்வில் நிலையாகக் கட்டுப்படுத்தி, அதே அளவு தண்ணீரைக் கூடுதல் நேரம் ஓடவிடுவதும் சரியான வழி என்று பரிந்துரைத்தேன். நேரம் நீளும்போது ஓட்டம் குறைகிறது, உராய்வு இழப்பு அதைவிட வேகமாகக் குறைகிறது. நீரின் அளவைக் கூட்டாமலேயே கடைசி வீட்டின் அழுத்தத்தைக் கூட்ட இதைவிட மலிவான வழியை நான் அறியேன்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை. ஓட்டமானி இல்லாத இடத்தில் மேல்நிலைத் தொட்டியையே ஓட்டமானியாகக் கொள்ளலாம். உள்வரும் குழாயை அடைத்துவிட்டு, வெளியேறும் வால்வைத் திறந்து, நீர்மட்டம் இறங்குவதை அளக்க வேண்டும். 10 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 785 லிட்டர். பத்து நிமிடத்தில் 12 சென்டிமீட்டர் இறங்கினால் ஓட்டம் வினாடிக்கு 15.7 லிட்டர். அதே நேரத்தில் நான்கைந்து தெருக்களில் வீட்டுக் குழாயில் அழுத்தமானியை மாட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டால், மாதிரியைச் சரிபார்க்கப் போதுமான தரவு கிடைத்துவிடும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் எங்காவது வெட்டப்பட்டால் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. உள்ளே துரு திரண்டு விட்டம் சுருங்கியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, சொரசொரப்பு எண்ணைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத மனம் வராது.

ஈபாநெட்டால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. அது குழாய் எப்போதும் நிறைந்திருப்பதாகவே கொள்ளும். நம் குழாய்களோ ஒவ்வொரு நாளும் காலியாகிக் காற்று புகுந்து, மறுநாள் மீண்டும் நிறைகின்றன. அந்த நிரம்பும் கட்டத்தைக் கணக்கிட, பாதி நிறைந்த குழாயையும் கையாளத் தெரிந்த ஸ்விம் மென்பொருளையே ஆய்வாளர்கள் குடிநீருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வடிகாலுக்காக எழுதப்பட்டது குடிநீருக்குக் கைகொடுக்கும் இந்த இடத்தில்தான் இரு துறைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதியானது. காலியான குழாயில் மோட்டார் உறிஞ்சும்போது அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே இறங்கி, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். குழாயின் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்ற விதி, நிறைந்த குழாயை நம்பி எழுதப்பட்டது. தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்களில் வருவதைக் குடிப்பதற்குப் பிடிக்க வேண்டாம் என்று நான் போகுமிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

சென்னைப் பணியில் சிக்கல் மறுமுனையில் இருந்தது. பகுதி ஏறக்குறைய சமதளம். வடிகால்களின் சரிவு பல இடங்களில் 2,000-க்கு 1, அதாவது ஒரு கிலோமீட்டர் போனால் அரை மீட்டர் இறக்கம். எல்லாம் பக்கிங்காம் கால்வாயில் போய் விழுகின்றன. கால்வாயோ கூவம், அடையாறு, எண்ணூர், கோவளம் முகத்துவாரங்கள் வழியே கடலோடு தொடர்புடையது. சென்னைக் கடலில் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அரை மீட்டர் இறக்கத்தை நம்பி ஓட வேண்டிய வடிகாலின் வாயில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் நீர் நிற்கிறது என்பதை எழுதிவைத்துவிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

ஸ்விம்மில் வடிகாலின் வாயை எப்படிக் கொள்வது என்பதற்கு ஐந்து தேர்வுகள் உண்டு. தடையின்றி விழுவது, சீரான ஓட்ட ஆழத்தில் வெளியேறுவது, நிலையான மட்டம், ஓத அட்டவணை, நேரவாரியாக நாமே கொடுக்கும் மட்டம். முதல் தேர்வே இயல்பாக வருவது, முன்பு அமைத்திருந்த மாதிரியும் அதையே எடுத்திருந்தது. அத்தோடு, பின்னோக்கி ஏறும் நீரைக் கணக்கிடாத எளிய ஓட்டமுறையையும் தேர்ந்திருந்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்தால் எந்தச் சமதள ஊரும் மாதிரியில் மலைச்சரிவுபோல வடிந்துவிடும். வடிகாலை அகலப்படுத்தினால் போதும் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. பின்னோக்கி ஏறும் நீரையும் கணக்கிடும் முழு இயங்கலை முறைக்கு மாற்றி, கால்வாயில் அளந்த மட்டத்தை நேரவாரியாகக் கொடுத்தபோது, ஓதம் உயர்ந்திருக்கும் மணிகளில் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தெருவில் நீர் நின்றது. அகலமான வடிகாலில் ஓதநீரே கூடுதலாக உள்ளே ஏறியது.

இங்கே ஒரு நுட்பமான எச்சரிக்கை தேவை. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் உள்ள உயரங்கள் துறைமுக வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. நம் தெரு மட்டங்களும் வடிகால் அடிமட்டங்களும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை. சென்னையில் இவ்விரண்டுக்கும் இடையே அரை மீட்டருக்கும் கூடுதலான வேறுபாடு உண்டு. கழிக்காமல் அப்படியே எழுதினால், நம்மிடம் இருந்த இறக்கம் முழுவதையும் ஒரே எண்ணில் தொலைத்துவிடுவோம். செயற்கைக்கோள் உயரத் தரவை இப்படிப்பட்ட நிலத்துக்கு எடுத்துக்கொள்வதும் கூடாது. பல மீட்டர் பிழைபடும் தரவைக் கொண்டு சென்டிமீட்டரில் முடிவெடுக்க முடியாது. நிலையான மட்டக்குறியிலிருந்து தொடங்கி, மட்டக்கருவியால் தெருத் தெருவாக அளந்து, மீண்டும் அதே குறியில் கொண்டுவந்து முடிப்பதற்கு மாற்று இல்லை. முகத்துவாரங்களில் மணல் திட்டு சேர்ந்து வாய் அடைபடுவதும் சென்னைக்குப் பழைய சிக்கல். துறைமுகத்தைக் கட்டிய பின் கரையோர மணல் நகர்வு மாறியதில்தான் மெரினா கடற்கரை இவ்வளவு அகலமானது. ஆகையால் கடலின் ஓதம் கால்வாயில் அப்படியே பிரதிபலிக்கும் என்று கொள்ளாமல், வடிகால் விழும் இடத்திலேயே அளவுகோல் வரைந்து படிப்பதுதான் நம்பத்தக்கது.

வாய் அடைபட்டிருக்கும் மணிகளில் வரும் மழையை எங்கே வைப்பது என்பதே அங்கு உண்மையான கேள்வி. 10 எக்டேர் பகுதி, பெரும்பாலும் சிமெண்டும் தாரும் என்பதால் மழையில் 80 விழுக்காடு ஓடிவரும் என்று கொள்வோம். ஓதம் உயர்ந்து நிற்கும் மூன்று மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேரும் நீர் 2,400 கனமீட்டர். 40 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளம் அதைத் தாங்கும். ஒரு பூங்காவைத் தாழ்த்தி அமைத்தாலும் போதும். சென்னையில் மாநகராட்சி அமைத்துவரும் நீர் உறிஞ்சும் பூங்காக்களை நான் வரவேற்பது இதனால்தான். இடமே இல்லையென்றால், அதே நீரை வினாடிக்கு 220 லிட்டருக்கு மேல் இறைக்கும் மோட்டாரை வைக்க வேண்டும், அதற்கு மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும். வடிகாலின் வாயில் ஒருவழிக் கதவு போடுவது கால்வாய் நீர் உள்ளே வராமல் தடுக்கும். ஆனால் சேமிப்பு இல்லாமல் கதவை மட்டும் போட்டால், உள்ளே பெய்த மழைக்குப் போக்கிடம் இருக்காது. இரண்டையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

மழைநீருக்கு இன்னொரு முனையும் உண்டு: தெருவிலிருந்து வடிகாலுக்குள் நீர் இறங்கும் துளை. பெய்த மழை முழுவதும் நேராக வடிகாலுக்குள் போய்விடுவதாக மாதிரி கொள்ளும். நடைபாதைக்கு அடியில் கையளவுத் துளையில் நெகிழிப் பையும் சருகும் அடைத்திருந்தால், வடிகால் பாதி காலியாக இருக்கும்போதே தெருவில் முழங்கால் நீர் நிற்கும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதால் வீடுகள் சாலைக்குக் கீழே போன தெருக்களும் உண்டு. அங்கே நீர் முதலில் இறங்கும் இடம் வீட்டு முற்றம். ஆகவே சாலையையும் ஓர் ஆழமற்ற கால்வாயாக வரைந்து, அதற்கும் வடிகாலுக்கும் இடையே துளைகளை அவற்றின் உண்மையான அளவில் வைப்பது என் வழக்கமாயிற்று. வண்டலையும் உள்ளபடி எழுத வேண்டும். 900 மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகால், 1,000-க்கு 1 சரிவில், வினாடிக்கு 0.76 கனமீட்டர் கொண்டுசெல்லும். அடியில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்துவிட்டால் அது 0.46 ஆகக் குறைந்துவிடும். பருவமழைக்கு முன் தூர் வாரியதாகப் பதிவேட்டில் இருப்பதை நம்பாமல், மூடியைத் திறந்து கம்பியை இறக்கிப் பார்ப்பது ஒரு மாலை நேர வேலைதான்.

மழைத் தரவில் நாள்மொத்தம் போதாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளுக்கிடையே தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்பது நகரத்துக்கே தெரியும். ஆனால் ஒரு சிறு தெருவின் வடிகாலுக்கு அந்த எண்ணைவிட, அதில் மிகக் கடுமையான கால்மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதே தேவை. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் திடீரெனக் கொட்டிய மழை, சில மணிகளிலேயே நகரின் தாழ்வான சாலைகளை முடக்கியது. தானியங்கி மழைமானியின் 15 நிமிடத் தரவு இல்லாமல் சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு மாதிரி அமைப்பதை நான் தவிர்த்துவிடுகிறேன்.

அமைத்த மாதிரியைச் சரிபார்க்க எனக்குப் பெரிதும் உதவியவர்கள் அப்பகுதி மக்கள். மழையின்போது தங்கள் வாசலைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். கைபேசிப் படத்தில் நேரமும் பதிவாகியிருக்கும். படத்தில் தெரியும் படிக்கட்டையோ மின்பெட்டியையோ பின்னர் நேரில் போய் மட்டக்கருவியால் அளந்தால், இந்த மணிக்கு இந்த இடத்தில் நீர்மட்டம் இவ்வளவு என்ற உறுதியான தரவு கிடைத்துவிடும். சுற்றுச்சுவரில் படிந்த சேற்றுக்கோடு உச்ச மட்டத்தை மட்டும் சொல்லும். படங்கள் நீர் ஏறியதையும் வடிந்ததையும் சொல்லும். ஓதம் காரணமா, துளையடைப்பு காரணமா என்று பிரித்தறிய உதவியது அந்த வடிந்த நேரம்தான். கால்வாய் மட்டம் இறங்கிய பிறகும் நீர் நின்ற தெருக்களில் குற்றம் துளைகளில் இருந்தது. மட்டத்தோடு சேர்ந்து இறங்கிய தெருக்களில் அது வடிகாலின் வாயில் இருந்தது.

கணினிப் பக்கத்தில் இரண்டை மட்டும் சொல்லவேண்டும். ஸ்விம் ஒவ்வொரு முறை கணக்கிட்டு முடித்ததும் உள்ளே வந்த நீருக்கும் வெளியேறிய நீருக்கும் உள்ள கணக்கு வேறுபாட்டை விழுக்காட்டில் தரும். அது 10 விழுக்காட்டை நெருங்கும் மாதிரியின் வண்ணப் படங்களை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கக் கூடாது. என் அளவில் 2 விழுக்காட்டைத் தாண்டினாலே காரணம் தேடுவேன், பெரும்பாலும் கால இடைவெளியைச் சில வினாடிகளாகக் குறைத்தால் சரியாகிவிடும். அடுத்தது, சந்திப்பில் நீர் வழிந்தால் அதை மாதிரி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இயல்பான அமைப்பில் வழிந்த நீர் மாதிரியை விட்டே போய்விடும். தெருவில் தேங்கி மீண்டும் வடிகாலுக்குள் இறங்கும்படி அமைக்காவிட்டால், தெருவில் நின்ற வெள்ளத்தை மாதிரியே இறைத்து வெளியே ஊற்றிவிட்டதாக ஆகும்.

இப்போது மாதிரிப் பணிக்கான ஒப்பந்தங்களை எழுத யாராவது உதவி கேட்டால், மூன்று விதிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். குடிநீராயின் வால்வுகளின் சுற்றுக் கணக்கும் தரைத்தொட்டிகளின் கணக்கெடுப்பும், மழைநீராயின் ஒரு வடகிழக்குப் பருவம் முழுவதும் வடிகால் வாயில் அளந்த நீர்மட்டமும் இல்லாமல் இறுதித் தவணை விடுவிக்கப்படக் கூடாது. மட்டங்கள் எந்த அடிமட்டத்திலிருந்து எண்ணப்பட்டவை என்பது ஒவ்வொரு வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அச்சிட்ட அறிக்கையோடு, ஈபாநெட்டும் ஸ்விம்மும் படிக்கும் ஐ.என்.பி. கோப்பையும் நகராட்சிப் பொறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பான அதை எந்தக் கணினியிலும் திறக்கலாம். அடுத்து வருபவர் புதிய குழாயையோ புதிய துளையையோ அதில் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.